பெங்களூர் ஹெம்ப் ஆயில் கடைக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்திராநகர், கோரமங்களா, ஹெச்எஸ்ஆர் லேஅவுட் பக்கம் கடை போட்டிருக்கிறவங்க, ஞாயித்துக்கிழமை ஆர்கானிக் சந்தைல டேபிள் போடுறவங்க, இன்ஸ்டால ரீல்ஸ் போட்டு வீட்டுக்கே பார்சல் அனுப்புறவங்க, மொத்தத்துல ஹெம்ப் (கஞ்சாச் செடியோட போதை ரொம்பக் கம்மியான வகை), சிபிடி (அந்தச் செடில இருக்கிற போதை தராத ஒரு பொருள்), விஜயா (கஞ்சாவோட ஆயுர்வேதப் பேரு) ஆயில் விக்கிற எல்லாருக்கும் வணக்கம். உங்கள்ல நிறைய பேர் நம்ம ஆளுங்கதான், அல்சூர், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராம்புரம் பக்கம் வளர்ந்த பசங்க, கஸ்டமர் தமிழ்ல கேட்டா தமிழ்லயே அழகா விளக்கிச் சொல்றீங்க, அதனால நானும் தமிழ்லயே எழுதறேன். கன்னடம் எனக்கு பேச வரும், இவ்ளோ நீளமா எழுத வராது.

கஞ்சா கெட்டது, கலாச்சாரம் போச்சு அப்படின்னு பேச நான் வரல. சித்த வைத்தியத்துலயும் ஆயுர்வேதத்துலயும் அந்தச் செடிக்கு இடம் இருக்கு, வடக்க ஹோலிக்கு பாங்கு குடிக்கிறாங்க, 1985 என்டிபிஎஸ்ங்கிற போதைப்பொருள் சட்டமே இலையை விட்டுட்டு பூவையும் பிசினையும்தான் புடிக்குது, அதெல்லாம் தெரியும். நான் கேக்கறது ஒரே ஒரு விஷயம். உணவுக்குழாய் அலர்ஜி இருக்கிறவங்ககிட்ட, "உடம்புலயே எண்டோகன்னாபினாய்டு சிஸ்டம் இருக்குங்க, அதுதான் அலர்ஜியை கன்ட்ரோல் பண்ணுது, உங்களுக்கு அது கம்மியா இருக்கு, நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விடுங்க சரியாயிடும்"னு சொல்றதை நிறுத்துங்க. எண்டோகன்னாபினாய்டுன்னா கஞ்சாப் பொருள் மாதிரியே நம்ம உடம்பு தானா செய்யிற பொருள். அந்த வாக்கியத்துல முதல் பாதி உண்மை, ரெண்டாவது பாதி உங்க சொந்த சரக்கு.

நான் ஏன் இதுல மூக்கை நுழைக்கிறேன்னா, என் வேலையே பயாப்ஸி லேப்ல. டாக்டர் எண்டோஸ்கோபில கிள்ளி எடுத்து ஃபார்மலின்ல போட்டு அனுப்புற துணுக்குகளை மெழுகுல வச்சு, மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி ஸ்லைடாக்கி பேத்தாலஜிஸ்ட் மேஜைல வைக்கிற டெக்னீஷியன் நான். ஈசினோபில்னு ஒரு வெள்ளை அணு இருக்கு, அந்தச் சாயத்துல அதோட உள்ள இருக்கிற மணிமணியான துகள் எல்லாம் செக்கச்செவேல்னு தெரியும், ஒரு தடவை பாத்துட்டா மறக்காது. குடல்ல அது சாதாரணமாவே இருக்கும். ஆனா உணவுக்குழாய் உள்தோல்ல அது இருக்கவே கூடாது. அங்க ஒரு ஹை பவர் ஃபீல்டுல, அதாவது மைக்ராஸ்கோப்ல பெருசாக்கி ஒரு தடவைல தெரியற வட்டத்துல, 15 அல்லது அதுக்கு மேல எண்ண முடிஞ்சு, முழுங்கறதுலயும் தொந்தரவு இருந்து, வேற காரணமும் இல்லன்னா அதுக்குப் பேரு ஈசினோஃபிலிக் ஈசோஃபேஜைட்டிஸ், சுருக்கமா ஈஓஈ, நீங்க உணவுக்குழாய் அலர்ஜின்னு சொல்றது இதைத்தான். 1990கள் ஆரம்பத்துலதான் இதை தனி நோயா பிரிச்சுப் பாக்கவே ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஆசிட் ரிஃப்ளக்ஸ் கணக்குலயே எழுதிட்டு இருந்தாங்க.

எங்க அக்கா பையன் பி.யு. படிக்கிறான், அவனுக்கு இதுதான். வீட்ல யாருக்கும் இது நோயா தெரியல, "இவன் சாப்பிட உக்காந்தா எந்திரிக்கவே மாட்டான்"னு கிண்டல்தான் நடக்கும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணி, சப்பாத்தியை பொடிப்பொடியா பிச்சுப் போடுறது, சிக்கன் துண்டை மெல்லு மெல்லுன்னு மெல்றது, மாத்திரைன்னா ஓடிடறது. இதெல்லாம் இந்த நோய்க்காரங்க தங்களை அறியாமலே பழகிக்கிற தந்திரங்கன்னு டாக்டருங்க இப்ப தனியாவே கேக்கறாங்க. கடைசில ஒரு கல்யாண வீட்ல சிக்கன் நெஞ்சுக்கூட்டுல சிக்கி, எச்சில் கூட இறங்காம, ராத்திரியோட ராத்திரியா எண்டோஸ்கோபி போட்டுதான் எடுத்தாங்க. குழாய் உள்ள வளையம் வளையமா, நீளவாக்குல கோடு கோடா இருந்துச்சுன்னு சொன்னாங்க. பையனுக்கு சின்ன வயசுல வீசிங், எக்ஸிமா எல்லாம் இருந்தது, அதுவும் இந்த நோயோட சொந்தக்காரங்கதான்.

அதுக்கப்புறம் தான் உங்க ஆள் ஒருத்தர் வந்தார். எந்தக் கடை எந்த பிராண்டுன்னு சொல்லமாட்டேன், ஏன்னா இதே வசனத்தை நான் நிறைய இடத்துல கேட்டுட்டேன், ஒருத்தரை மட்டும் புடிச்சு திட்டுறதுல அர்த்தம் இல்ல. அக்காகிட்ட ஒரு வழவழப்பான கார்டு குடுத்திருக்காங்க, அதுல மனுஷ உடம்பு படம், மூளைல சிபி1, வயித்துல சிபி2ன்னு ரிசெப்டருங்களுக்கு (செல் மேல அந்தப் பொருள் வந்து உக்கார்ற இடம்) புள்ளி வச்சு, கீழ ஆஸ்துமா, எக்ஸிமா, உணவுக்குழாய் அலர்ஜின்னு வரிசையா போட்டிருந்தது. ஸ்டீராய்டு குடுக்கிறதுக்கு பதிலா இது நேச்சுரல்ங்கன்னு வாய்வழி போனஸ் வேற. பெத்தவ பயந்து போயிருக்கிற நேரம் பாத்து சொன்னா யார்தான் வாங்க மாட்டாங்க.

சரி, நீங்க சொல்ற சயின்ஸையே எடுத்துக்குவோம், ஏன்னா அது நிஜமாவே நல்ல சயின்ஸ். சிபி1 ரிசெப்டரோட ஜீனை 1990ல பிரிச்சாங்க, சிபி2வை 1993ல. அதுல வந்து உக்கார நம்ம உடம்பே செய்யிற பொருளுங்கள்ல முக்கியமானது ரெண்டு, 1992ல கண்டுபிடிச்ச ஆனந்தமைடு, 1995ல வந்த 2-ஏஜி. இது ரெண்டும் ஹார்மோன் மாதிரி எங்கயும் சேத்து வச்சிருக்கிறதில்ல, நம்ம தர்ஷினி ஹோட்டல்ல மாவு தயாரா இருக்கும் ஆர்டர் சொன்னாதான் கல்லுல தோசை ஊத்துவாங்களே அதே கதை, செல்லோட சவ்வுல இருக்கிற கொழுப்பை தேவைப்படும்போது வெட்டி அங்கயே செஞ்சு, வேலை முடிஞ்சதும் எஃப்ஏஏஹெச், எம்ஏஜிஎல்ங்கிற என்சைம்களை வச்சு அங்கயே உடைச்சுடும். எங்க, எப்ப, எந்த செல் பக்கத்துல செய்யுதுங்கறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. வெளியில இருந்து ஒரு எண்ணெயை ஊத்தி "பேலன்ஸ்" பண்றேன்னு சொல்றது அந்த இடத்துலயே உதைக்குது.

அலர்ஜியை இது அடக்கும்னு காட்டுன ஆராய்ச்சியும் இருக்கு, மறைக்கல. 2007ல சயின்ஸ் பத்திரிகைல ஜெர்மனி பான் பல்கலைக்கழகத்துக்காரங்க போட்டது. சிபி1, சிபி2 ரெண்டுமே இல்லாத எலிங்களுக்கு காதுல அடையாளத்துக்கு மாட்டுன நிக்கல் டேக்கை சுத்தி புண்ணு வந்ததை கவனிச்சு, அதுல இருந்து நூல் புடிச்சுப் போய், இந்த ரிசெப்டருங்க இல்லன்னா தோல் அலர்ஜி அதிகமாகுது, ஆனந்தமைடை உடைக்கிற என்சைம் இல்லாத எலிக்கு அலர்ஜி குறையுதுன்னு காட்டுனாங்க. அருமையான வேலை. உங்க கார்டுக்கு மூலமே இதுதான்னு நினைக்கிறேன். ஆனா அது எலி, தோல், கெமிக்கல் பட்டு வர்ற காண்டாக்ட் அலர்ஜி. நாம பேசறது மனுஷன், உணவுக்குழாய், பாலும் கோதுமையும் தூண்டி ஈசினோபில் கூட்டமா வந்து உக்கார்ற நோய்.

அந்த ஈசினோபில் மேல என்ன இருக்குன்னு உங்க கார்டுல போடல. அது மேலயும் சிபி2 இருக்கு. 2004லயே ஜப்பான்ல ஒரு குழு, மனுஷ ரத்தத்துல இருந்து எடுத்த ஈசினோபில் 2-ஏஜியைப் பாத்து நகர்ந்து போகுதுன்னு காட்டிட்டாங்க, சிபி2 வழியா. 2014ல கனடா குழு ஒண்ணு ஐஎல்-5ங்கிற சிக்னலையும் 2-ஏஜியையும் சேத்து வச்சா அந்த நகர்வு இன்னும் வேகமாகுதுன்னு காட்டுனாங்க. ஐஎல்-5 யாருன்னா, ஈஓஈ நோயாளியோட உணவுக்குழாய்ல ஏற்கனவே அதிகமா இருக்கிற ஆளு, ஈசினோபிலை வளத்து உசுரோட வச்சிருக்கிறதே அதுதான். 2016ல ஆஸ்திரியா கிராட்ஸ்ல எலிங்களுக்கு சிபி2வை தூண்டற மருந்து குடுத்தப்போ நுரையீரல்ல அலர்ஜி வீக்கம் அதிகமாச்சு, ஈசினோபிலே இல்லாத எலிங்களுக்கு அப்படி ஆகல. ஆக ஒரே சிஸ்டம், தோல்ல ஒரு வேலை, ஈசினோபில் மேல வேற வேலை. ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் போட்டு மறுபக்கத்தை விட்டுட்டா அது விளம்பரம், விளக்கம் இல்ல.

உங்க ஆயில் குடிச்சா உணவுக்குழாய்ல ஈசினோபில் ஏறும்னு நான் சொல்லல, அப்படிச் சொன்னா நானும் உங்களை மாதிரியே பேசினதாயிடும். எந்தப் பக்கம் போகும்னு முன்கூட்டியே சொல்ல முடியாத ஒரு சிஸ்டத்தை வச்சு "பேலன்ஸ்"னு விக்கிறீங்கன்னுதான் சொல்றேன். ஈஓஈக்கு எந்த கன்னாபினாய்டையும் (சிபிடி மாதிரி கஞ்சா வகைப் பொருள்) எந்த நாட்டோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அனுமதிக்கல. "கம்மியா இருக்கு"ங்கிற அந்த டெஃபிஷியன்ஸி கதையும், ஈத்தன் ருஸ்ஸோங்கிற அமெரிக்க நரம்பு டாக்டர் மைக்ரேன், ஃபைப்ரோமயால்ஜியாங்கிற உடம்பு வலி நோய், ஐபிஎஸ்ங்கிற குடல் தொந்தரவு பத்தி வச்ச ஒரு யூகம், அவர் அதுல உணவுக்குழாய் அலர்ஜியை சேக்கவே இல்ல, நீங்கதான் சேத்துட்டீங்க.

இந்த சிஸ்டத்துல கை வச்சு பெரிய கம்பெனிங்களே கையை சுட்டுக்கிட்டது உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும். சிபி1ஐ தடுக்கற ரிமோனபான்ட், உடம்பு எடை குறையன்னு 2006ல ஐரோப்பால வந்தது, மன அழுத்தம், தற்கொலை எண்ணம்னு புகார் வந்து 2008லயே நிறுத்துனாங்க. ஆனந்தமைடு உடையாம பாத்துக்கற ஒரு மருந்தை 2016 ஜனவரில பிரான்ஸ் ரென் நகரத்துல ஆரோக்கியமான ஆளுங்களுக்கு குடுத்துப் பாத்தப்போ ஒருத்தர் செத்தே போனார், இன்னும் சிலர் மூளை பாதிப்போட ஆஸ்பத்திரில கிடந்தாங்க. அது அந்த ஒரு மருந்தோட தனிக்கோளாறுன்னுதான் அப்புறம் பெரும்பாலும் சொன்னாங்க, சரி, உங்க ஆயிலை அதோட நான் சேக்கல. சும்மா "இயற்கையான சிஸ்டம், அதனால சேஃப்"னு சொல்றீங்களே, அந்த வசனத்துக்கு மட்டும் இது பதில்.

அடுத்து உங்க அலமாரில இருக்கிற பாட்டில்களுக்கு வருவோம். ஹெம்ப் சீட் ஆயில், ஹெம்ப் பவுடர் இதையெல்லாம் எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2021 நவம்பர்ல உணவுப் பொருளா அனுமதிச்சது. விதைல கன்னாபினாய்டு இருக்கிறது பேருக்குத்தான், அது நல்லெண்ணெய், ஆளிவிதை எண்ணெய் வகையறா, சத்து இருக்கு, சாலட்ல ஊத்தி சாப்பிடலாம், ஆனா அதை நீட்டி எண்டோகன்னாபினாய்டு பத்தி கிளாஸ் எடுக்கிறது என்ன நியாயம்? விஜயான்னு ஆயுர்வேத லைசென்ஸ்ல வர்ற இலைச் சாறு வேற கதை, அது ட்ரக்ஸ் அண்ட் காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ்ல ஷெட்யூல் ஈ1ங்கிற நச்சுப் பொருள் பட்டியல்ல இருக்கிற பொருள், டாக்டர் மேற்பார்வைலதான் எடுத்துக்கணும்னு லேபிள்லயே எச்சரிக்கை போட்டாகணும். போட்டிருக்கீங்க, இல்லன்னு சொல்லல, லென்ஸ் வச்சா படிக்கலாம். சந்தைல வாயால சொல்லும்போது அந்த வரி மட்டும் ஏன் வரமாட்டேங்குது?

அலர்ஜிக்காரனுக்கு விக்கும்போது பாட்டில்ல இருக்கிற மத்ததையும் யோசிக்கணும். சிபிடியை கரைக்க எதை ஊத்தியிருக்கீங்க, தேங்காய்ல இருந்து எடுத்த எம்சிடிங்கிற எண்ணெயா, நல்லெண்ணெயா, ஹெம்ப் விதை எண்ணெயா? அமெரிக்கால 2018ல வலிப்புக்கு அனுமதிச்ச எபிடியோலெக்ஸ்ங்கிற சுத்தமான சிபிடி மருந்துலயே நல்லெண்ணெய் இருக்கு, அதனால எள்ளு அலர்ஜி இருக்கிறவங்க எடுக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்காங்க. ஹெம்ப் விதை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டுன கேஸ்களும் மருத்துவப் பத்திரிகைல வந்திருக்கு, கஞ்சா செடியோட ஒரு புரதம் பீச் மாதிரி பழங்கள்ல இருக்கிற புரதத்தோட ஒத்துப்போய் ரெண்டுக்கும் சேத்து அலர்ஜி வர்றதும் உண்டு. ஈஓஈக்காரங்க எந்த சாப்பாடு தூண்டுதுன்னு தேடி பால், கோதுமை, முட்டை, சோயான்னு ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்துட்டு இருக்கும்போது, நடுவுல ஒரு புது விதைப் பவுடரை ஸ்மூத்தில போட்டுக் குடுத்தா அந்தக் கணக்கே குழம்பிடும்.

மருந்தோட மோதறதையும் சொல்லணும். சிபிடி லிவர்ல சிஒய்பி2சி19ங்கிற என்சைமை தடுக்கும். ஈஓஈக்கு முதல்ல குடுக்கிற ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல்ங்கிற ஆசிட் குறைக்கிற மாத்திரைகளை உடைக்கிறதும் பெரும்பாலும் அதே என்சைம்தான். சிபிடி அளவு கூடினா லிவர் டெஸ்ட்ல எண்கள் ஏறுறது எபிடியோலெக்ஸ் டிரையல்லயே பாத்ததுதான். உங்க கவுண்டர்ல நிக்கிற தம்பி, "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க"ன்னு எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மெடிக்கல் ஷாப்காரர் கூட கேப்பார்.

இதெல்லாம் கூட பரவால்லன்னு விடலாம், எனக்கு நிஜமா பயம் எங்கன்னா, உங்க ஆயில் வேலை செய்யற மாதிரி தெரிஞ்சுட்டா என்ன பண்றதுன்னுதான். கன்னாபினாய்டு வலியையும் குமட்டலையும் குறைக்கும், கஞ்சால போதை தர்ற டிஹெச்சிங்கிற பொருள் உணவுக்குழாய் அடில இருக்கிற வால்வு தேவையில்லாம திறக்கறதை குறைக்குதுன்னு மனுஷங்ககிட்டயே பாத்திருக்காங்க, ஆனந்தமைடு மிளகாய்க் காரத்தை உணர்ற அதே நரம்பு ரிசெப்டர்லயும் போய் உக்காருது. அதனால ஒரு பையனுக்கு ஆயில் விட்டப்புறம் எரிச்சல் குறைஞ்சு நல்லா இருக்குன்னு தோணலாம். ஆனா ஈஓஈல தொந்தரவு குறையறதும் வீக்கம் குறையறதும் ஒண்ணு இல்ல. நல்லா சாப்பிடறேன்னு சொல்ற ஆளோட ஸ்லைடுல செவப்பு செவப்பா நிறைஞ்சு கிடக்கும். உள்ள வீக்கம் ஓடிட்டே இருந்தா சுவர் தடிச்சு, தழும்பு விழுந்து, குழாய் சுருங்கும். சுவிட்சர்லாந்துல 200 நோயாளிங்களை வச்சு 2013ல ஒரு கணக்கு போட்டாங்க, தொந்தரவு ஆரம்பிச்சு 2 வருஷத்துக்குள்ள நோயைக் கண்டுபிடிச்சவங்கள்ல சுமார் 17 சதவீதம் பேருக்கு குழாய் சுருங்கியிருந்தது, 20 வருஷத்துக்கு மேல தள்ளிப்போனவங்கள்ல அது சுமார் 71 சதவீதம். சுருங்கிட்டா பலூன் விட்டு விரிக்கணும். நீங்க ஆறு மாச கோர்ஸ்னு விக்கிறீங்களே, அந்த ஆறு மாசமும் இந்தக் கணக்குலதான் சேரும்.

ஸ்டீராய்டு ஸ்டீராய்டுன்னு பயமுறுத்துறதையும் விடுங்க. இதுக்கு குடுக்கிறது பெரும்பாலும் ஆஸ்துமாக்கு குடுக்கிற அதே ஃபுளூட்டிகசோன், புடெசோனைடுதான், ஆனா இழுக்கக் கூடாது, வாய்ல அடிச்சு முழுங்கணும். இல்ல புடெசோனைடு ரெஸ்ப்யூலை (நெபுலைசர்ல ஊத்தற சின்ன குப்பி மருந்து) தேன் மாதிரி கெட்டியான எதுலயாவது கலந்து மெல்ல இறக்கணும், அதுக்கப்புறம் அரை மணி நேரம் தண்ணி கூட குடிக்கக் கூடாது, மருந்து குழாய் சுவர்ல ஒட்டணும் இல்ல. பாக்க நாட்டு வைத்தியம் மாதிரியே இருக்கும், எங்க பாட்டிக்கு அதுலதான் நம்பிக்கையே வந்தது. முழுங்கற அளவுல பெரும்பகுதியை லிவர் முதல் சுத்துலயே உடைச்சுடும், மாத்திரையா சாப்பிடற ஸ்டீராய்டும் இதுவும் ஒண்ணு இல்ல. சில பேருக்கு மருந்தே வேணாம், பாலை மட்டும் நிறுத்துனா போதும், 2023ல வந்த ஒரு அமெரிக்க டிரையல்ல பாலை மட்டும் நிறுத்துனதும் ஆறு வகை சாப்பாட்டை நிறுத்துனதும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான் குடுத்தது, 34 சதவீதமும் 40 சதவீதமும். நம்ம வீட்ல பாலை நிறுத்துறதுன்னா காபி, தயிர்சாதம், ஸ்வீட்டுன்னு பாதி வாழ்க்கையே போன மாதிரிதான், அக்கா வீட்ல நடந்த சண்டையை எழுதுனா இது இன்னொரு மடலாயிடும்.

ஆக உங்ககிட்ட ஒருத்தர் வந்து "சாப்பாடு நெஞ்சுல நிக்குது"ன்னு சொன்னா, அன்னிக்கு வியாபாரம் வேணாம்னு வச்சுக்கோங்க. கேஸ்ட்ரோ டாக்டரைப் பாருங்க, எண்டோஸ்கோபி பண்ணா குழாய் பாக்க நல்லா இருந்தாலும் பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்க, மேல ஒரு இடம் கீழ ஒரு இடம்னு குறைஞ்சது 6 துணுக்கு, ஏன்னா இந்த நோய் திட்டுத்திட்டா இருக்கும், ஒரு துணுக்குல ஒண்ணுமே இருக்காது அடுத்ததுல கொட்டிக் கிடக்கும்னு சொல்லுங்க. ரத்தத்துல ஈசினோபில் நார்மல்னு ரிப்போர்ட் காட்டுனாலும் அதை நம்பி விட்டுடாதீங்கன்னும் சொல்லுங்க. இவ்ளோவும் சொல்ல உங்க ரீல்ஸ் நேரம் கூட ஆகாது. ஏற்கனவே ஈஓஈன்னு தெரிஞ்சு வர்றவங்ககிட்ட, ஆயில் எடுக்கறதா இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லிடுங்கன்னு சொல்லுங்க, கரைக்கப் பயன்படுத்துன எண்ணெய் என்னன்னு பெரிய எழுத்துல போடுங்க.

அந்தக் கார்டுல இருக்கிற "உணவுக்குழாய் அலர்ஜி"ங்கிற வரியை எடுத்துடுங்க. எடுக்க முடியாதுன்னா, எந்த ஆராய்ச்சியை வச்சு அதைப் போட்டீங்கன்னு பக்கத்துலயே போடுங்க, அது எலிகிட்ட பண்ணதா மனுஷங்ககிட்ட பண்ணதா, முன்னயும் பின்னயும் பயாப்ஸி எடுத்து எண்ணிப் பாத்தாங்களான்னும் சேத்து.